அளவெடுத்துச் செய்வோம்!



மின்னணுவியல் தொடர்பியல் துறை, இரண்டாம் ஆண்டிலிருந்து எழுதுகிறேன். மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பேரவை அண்ணன்கள் கேட்டார்கள். கவிதை எனக்கு வராது, படித்ததைச் சொல்லத்தான் வரும் என்றேன். "அப்ப அதையே எழுது" என்றார்கள். ஆகவே இது ஒரு பாடம். ஆனால் செமஸ்டரில் வராத பாடம். அதனால் பயப்படாமல் படிக்கலாம்.

பாடத்தின் பெயர், உடம்பில் அணிகிற கருவிகள். 'வேரபிள்' என்று சொல்கிறார்களே, அதுதான். நாடித்துடிப்பு எண்ணுகிற ஸ்மார்ட் வாட்ச் மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. மூக்குக் கண்ணாடி, காதொலிக் கருவி, செயற்கைக் கால் எல்லாமே இதில் அடக்கம்.

லேபில் மேசைமேல் இருக்கிற கருவிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆசிலாஸ்கோப் இருக்கிற இடத்துக்கு நாம் போகிறோம். அணிகிற கருவியோ நம்மோடு வருகிறது. கொல்லைக்கு வருகிறது, பஸ் ஏறுகிறது, மழையில் நனைகிறது, வியர்வையில் ஊறுகிறது, நாலு பேர் கண்ணில் படுகிறது. அதனால் சர்க்யூட் சரியாக இருந்தால் மட்டும் போதாது. உறுத்துகிறது என்றோ, வெட்கமாக இருக்கிறது என்றோ ஒருவர் அதைக் கழற்றி வைத்துவிட்டால், அந்த நிமிடமே அதன் அவுட்புட் பூஜ்யம். எத்தனை பிட் பிராசஸர் போட்டிருந்தாலும் பூஜ்யம்தான்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். கல்வராயன் மலையில் எங்களுக்கு மரவள்ளியும் சாமையும்தான் பிழைப்பு. வேலை ஓய்ந்த நேரத்தில் அம்மா தையல் மெஷின் மிதிப்பார். ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் டேப்பை எடுத்து ஆறு ஏழு இடத்தில் அளந்து குறித்துக்கொள்வார். அளவெடுக்காமல் துணியில் கத்திரி வைக்க மாட்டார். நாமோ, யாருக்கு என்று கேட்காமலே சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணி விடுகிறோம்! அணிகிற கருவிக்கு எடுக்க வேண்டிய அளவுகள் ஐந்து என்று, படித்ததையும் பார்த்ததையும் வைத்துப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் அளவு: உடம்பு

'சராசரி மனிதனுக்கு ஏற்ற அளவு' என்று புத்தகங்களில் வரும். அந்தச் சராசரி மனிதனை யாராவது பார்த்திருக்கிறார்களா? 1950ஆம் ஆண்டு அமெரிக்க விமானப்படை தன் விமானிகளை உடல் முழுக்க அளந்தது. மொத்தம் 4,063 பேர். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் அதிலிருந்து உயரம், மார்பு, கை நீளம் போன்ற பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரியை ஒட்டி இருப்பவர் எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்தார். ஒருவர்கூட இல்லை! சராசரிக்குச் செய்த இருக்கை ஒருவருக்கும் பொருந்தாத இருக்கை என்று தெரிந்தது. அதன்பிறகு ஆளுக்குத் தகுந்தபடி நகர்த்திக்கொள்ளும் இருக்கைகளும் பெல்ட்டுகளும் வந்தன. நம் நாட்டு உடம்புகளின் அளவுகளைத் திரட்டி, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997ல் தேப்குமார் சக்ரபர்த்தி எழுதிய நூலை வெளியிட்டது. வடிவமைப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது நல்ல துணை.

உடம்பு என்றால் நீளம் அகலம் மட்டும் இல்லை, தோலும் சேர்த்துத்தான். கொரோனா சமயத்தில் விரல் நுனியில் மாட்டிய ஆக்ஸிமீட்டரை எல்லோரும் பார்த்திருப்போம். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, ரத்தம் எதை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து ஆக்சிஜனைக் கணக்கிடுவது அது. தோலின் கருமையும் ஒளியை விழுங்கும் அல்லவா? 2020ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை நேரடியாகச் சோதித்தபோது, உண்மையில் 88க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. கருப்பினத்தவரில் நூற்றுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு பேர். மூச்சு முட்டும் நிலையில் இருப்பவரை, 'நல்லா இருக்கார்' என்று கருவி சொல்லியிருக்கிறது.

2015ல் ஆப்பிள் வாட்ச் வந்தபோது, மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால் நாடித்துடிப்பு சென்சார் தடுமாறும் என்று அந்த நிறுவனமே சொன்னது. கை நிறையப் பச்சை குத்திய பாட்டிகள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! அவர்கள் கை அந்த வடிவமைப்பாளரின் கண்ணில் பட்டிருக்காது.

இரண்டாம் அளவு: உட்காரும் விதமும் செய்யும் வேலையும்

இதற்கு இந்தியாவிலேயே பெரிய உதாரணம் ஜெய்ப்பூர் கால். அதற்கு முன்பு கிடைத்த வெளிநாட்டு மாதிரிச் செயற்கைப் பாதம் விறைப்பாக இருக்கும். ஷூவுக்குள் போட்டுக்கொண்டு நடப்பதற்காகச் செய்தது அது. நம்ம ஆள் ஷூ போட்டுக்கொண்டா சேற்றில் இறங்குவார்? சம்மணம் போட்டுச் சாப்பிட வேண்டும், குந்தி உட்கார வேண்டும், கோயிலுக்குள் வெறுங்காலோடு போக வேண்டும். கால் இழந்தவர்கள் அந்தப் பாதத்தை வாங்கி மூலையில் சாத்தி வைத்தார்கள். 1968ல் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில், அதிகம் படிக்காத கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே.சேத்தியும் சேர்ந்து ரப்பரில் வேறு பாதம் உருவாக்கினார்கள். எல்லாப் பக்கமும் வளையும், தண்ணீர் பட்டால் கெடாது, ஷூ தேவையில்லை, பார்க்கவும் பாதம் போலவே இருக்கும். 1981ல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. நான் பெரிதாக நினைப்பது வேறு. டாக்டருக்கு எலும்பு தெரியும், சர்மாவுக்கு ரப்பரும் அச்சும் தெரியும். இருவருக்கும், அந்தக் காலைப் போடப் போகிறவர் எப்படி உட்காருவார் என்று தெரியும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாக்கி 2022ல் வெளிவந்த 'கதம்' என்ற செயற்கை மூட்டும் இந்த வழியில் வந்ததுதான். அது 160 டிகிரி வரை மடங்கும். எதற்கு அவ்வளவு? பஸ்ஸிலும் ஆட்டோவிலும் இடுக்கில் உட்கார வேண்டாமா! காலையில் கச்சிராயபாளையம் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாம் அளவு: உடை

இதை நான் எங்கள் வீட்டில் படித்தேன். மலையில் இருக்கும் எங்கள் ஆயாவுக்குக் காது மந்தம். சில வருடங்களுக்கு முன் ஒரு முகாமில் காதொலிக் கருவி கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் காதில் செருகும் குமிழ். பெட்டியைச் சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளக் கிளிப். ஆம்பிளிஃபயர் நன்றாகவே வேலை செய்தது. நானே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஆனால் கருவி ட்ரங்குப் பெட்டிக்குள் கிடந்தது.

ஏன் என்று யோசித்தால் பதில் அந்தக் கிளிப்பிலேயே இருக்கிறது. சட்டைப் பை யாருக்கு இருக்கும்? ஆண்களுக்கு. சேலை கட்டுகிற கிழவிக்குப் பை ஏது? ஆயா அதை முந்தானையில் முடிந்து பார்த்தார். மைக் பெட்டியில்தானே இருக்கிறது! நடக்கும்போதெல்லாம் துணி உரசி, காதுக்குள் சரசரவென்று சத்தம். இடுப்பில் சுருக்குப்பையில் வைத்தால் மைக் மூடிக்கொண்டது. களை எடுக்கக் குனிந்தால் ஒயர் செடியில் மாட்டியது. அதோடு காதுக் குமிழ் அவர் காதுக்கு அளவெடுத்துச் செய்தது இல்லை. இடுக்கு வழியாக வெளியேறும் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய்ப் பெரிதாகி, விசிலடித்தது. நாம் படிக்கிற பாசிட்டிவ் ஃபீட்பேக்தான்! ஆயாவின் பாஷையில், "கொய்யின்னு கத்துது கண்ணு, காது ஓஞ்சு போவுது."

அம்மா மெல்லிய வாயில் துணியில் ஒரு சின்னப் பை தைத்து, மைக் வரும் இடத்தில் ஓட்டை விட்டு, கழுத்திலிருந்து சேலைக்கு மேலே தொங்குகிற மாதிரி நாடா வைத்தார். சரசரப்பு அடங்கியது. விசில் நிற்கவில்லை. அதற்குக் காதில் அச்சு எடுத்து மோல்டு செய்ய வேண்டும், டவுனுக்குப் போனால்தான் முடியும். ஆனாலும் ஒன்று விளங்கியது. பாதிக் குறையைத் தீர்த்தது டிரான்சிஸ்டர் இல்லை, கால் மீட்டர் துணி.

நான்காம் அளவு: ஊர்

காதுக்குப் பின்னால் மாட்டும் சின்னக் கருவி வாங்கலாமே என்று கேட்பீர்கள். நல்ல யோசனை, உடைத் தொல்லை அதில் இல்லை. ஆனால் அதில் பலவற்றுக்கு ஜிங்க்-ஏர் பொத்தான் செல் வேண்டும். 1.4 வோல்ட். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் காற்று உள்ளே போய் வேலை செய்யத் தொடங்கும். அதன்பிறகு கருவியைப் போட்டாலும் போடாவிட்டாலும் செல் தீர்ந்துகொண்டே வரும். பென் டார்ச் செல் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் கிடைக்கும், அந்தப் பொத்தான் செல் கிடைக்காது. செல்லுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் மலை இறங்குவார்?

ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டில் கோடிசா என்ற அமைப்பு இதற்கு வழி கண்டது. திரும்பத் திரும்ப சார்ஜ் ஏறும் செல்லையும் சூரிய ஒளி சார்ஜரையும் காதொலிக் கருவியோடு சேர்த்துச் செய்தார்கள். அங்கே வேலை செய்தவர்களிலும் காது கேளாதவர்கள் இருந்தார்கள். அருமையான வழி. ஆனால் அப்படியே காப்பி அடிக்கக் கூடாது. போட்ஸ்வானா பாலைவனம் உள்ள நாடு. நம் மலையில் ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்க மூடாக்கு. பேனல் எத்தனை சதுர சென்டிமீட்டர் வேண்டும் என்பதை நம் கார்த்திகையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பெங்களூரில் உருவான 'பெம்பு' வளையம் இந்த அளவை நன்றாக எடுத்திருக்கிறது. எடை குறைந்து பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் கட்டுவது அது. உடம்புச் சூடு சரியாக இருந்தால் நீல விளக்கு மினுக்கும். குழந்தை குளிர்ந்து போனால் ஆரஞ்சு விளக்கோடு சத்தம் போடும். குழந்தையின் சூடு 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது ஆபத்து என்று அம்மாவுக்கு எண் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சத்தம் கேட்டதும் பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டால் போதும். சார்ஜ் போட வேண்டாம், செல்போன் வேண்டாம், டவர் வேண்டாம். ஏறக்குறைய ஒரு மாதம் ஓடும், ஆபத்தான காலமும் அதுதான். எதையெல்லாம் வைக்காமல் விட்டார்கள் என்று பாருங்கள். அதுவும் வடிவமைப்புதான்.

ஐந்தாம் அளவு: மானம்

எந்த டேப்பிலும் எடுக்க முடியாத அளவு இது. நம் வேலூரிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் காலில் புண் ஏன் ஆறுவதில்லை என்று ஆராய்ந்தார். பாதத்தில் உணர்ச்சி போய்விடுவதால் முள் குத்தினாலும் அழுத்தம் கூடினாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரியாமலே நடந்து நடந்து புண்ணாகிறது. மருந்தோடு தக்க செருப்பும் வேண்டும் என்று தெரிந்தது. வேலூரிலும் கரிகிரியிலும் மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்புகள் உருவாயின. உள்ளே மெத்தென்ற ரப்பர், அடியில் கெட்டி ரப்பர், ஆணி ஒன்றுகூடக் கிடையாது. ஆணி மேலே ஏறினால் அவருக்குத் தெரியாதே! நால்வகை அளவும் சரியாக எடுத்த செருப்பு.

ஆனால் பலர் அதைப் போட மறுத்தார்கள். அந்த மாதிரிச் செருப்பு வேறு யாரும் போடுவதில்லை. தெருவில் போனால் காலைப் பார்த்தே இவருக்கு இந்த நோய் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். காலைக் காப்பாற்ற வந்த செருப்பு ஆளைக் காட்டிக் கொடுத்தது. பிறகுதான், உள்ளே அதே ரப்பரை வைத்து, வெளியே கடைச் செருப்பு போலவே தெரிகிற மாதிரி செய்யத் தொடங்கினார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளும் அந்த வகை ரப்பர் செருப்பைப் போடுகிறார்கள்.

மானத்தைப் போலவே நம்பிக்கையும் ஓர் அளவு. ராஜஸ்தானில் உதய்ப்பூர்ப் பக்கம் குழந்தைகளின் தடுப்பூசி விவரத்தைச் சேமிக்க 'குஷி பேபி' என்ற பதக்கம் வந்தது. உள்ளே ஒரு சின்ன என்.எஃப்.சி. சில்லு. செவிலியர் செல்போனை அருகில் கொண்டு போனால் எந்த ஊசி போட்டாயிற்று என்று தெரியும், நெட்வொர்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதை எதில் கோத்தார்கள் தெரியுமா? கருப்புக் கயிற்றில்! கண்ணேறு படாமல் இருக்கக் குழந்தைக்குக் கருப்புக் கயிறு கட்டுவது அங்கேயும் வழக்கம். அம்மா அதைக் கழற்ற மாட்டாள். 2014ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர்களின் வகுப்பு ப்ராஜெக்ட்டாகத் தொடங்கியது அது. 2015ல் யுனிசெஃப் நடத்திய அணிகருவிப் போட்டியில் பரிசும் பெற்றது.

கேட்கும் விதம்

ஐந்து அளவும் தெரிந்தது. எப்படி எடுப்பது? போய்க் கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். பேண்ட் சட்டை போட்டவர் வந்து "கருவி நல்லா இருக்கா?" என்று கேட்டால், எங்கள் மலையில் "நல்லாத்தான் இருக்குது சாமி" என்பார்கள். கொடுத்தவர் மனசு நோகக் கூடாதே என்று அப்படிச் சொல்வார்கள். ஆகவே கருவியைப் பற்றிக் கேட்காமல், அவர்களின் ஒரு நாளைப் பற்றிக் கேட்க வேண்டும். கூடவே இருந்து பார்க்க வேண்டும்.

நான் ஆயாவிடம், "உனக்கு என்ன சத்தம் கேக்கணும் ஆயா?" என்றேன். டி.வி., போன், பேரப்பிள்ளை பேச்சு என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். ஆயா சொன்னது: "மழ வர்றது கேக்கணும்டா கண்ணு. பாறையில சாமை காயுது. முன்னயெல்லாம் அந்தக் காட்டுல மழ எறங்கறப்பவே எனக்குக் கேக்கும், ஓடிப்போயி அள்ளிடுவேன். இப்ப தலையில சொட்டு விழுந்தாத்தான் தெரியுது."

நண்பர்களே, இதை எலக்ட்ரானிக்ஸாக யோசித்துப் பாருங்கள். இன்றைய டிஜிட்டல் காதொலிக் கருவிகள் பலவற்றில் இரைச்சல் குறைப்பு என்ற வசதி இருக்கிறது. பேச்சு ஏறி இறங்கும், இரைச்சல் ஒரே சீராக வரும். சீராக வருவதைக் கருவி இரைச்சல் என்று முடிவு கட்டி அமுக்கும். தூரத்து மழைச் சத்தம் எப்படி இருக்கும்? ஒரே சீராக, 'சோ'வென்று. ஆக, விலை கூடிய கருவி ஆயாவுக்கு வேண்டிய சத்தத்தையே வெட்டி எறியலாம். சிக்னல் எது, நாய்ஸ் எது என்று புத்தகம் முடிவு செய்ய முடியாது. அணிகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். வழி இல்லாமல் இல்லை. பல கருவிகளில் இரண்டு மூன்று புரோகிராம் வைக்கலாம், ஒன்றில் இரைச்சல் குறைப்பை நிறுத்தி வைக்கலாம். செட்டிங் செய்கிறவருக்குச் சில நிமிட வேலை. ஆனால் மழையைப் பற்றி யாராவது அவரிடம் சொன்னால்தானே?

நம் ப்ராஜெக்ட்

உலகத்தில் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் அளவுக்குக் காது மந்தம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது. அவ்வளவு பேருக்கும் நாம் செய்ய வேண்டாம். கடைசி வருட ப்ராஜெக்ட் வரப்போகிறது. ரிச்சி தெருவில் கிட் வாங்கி, ரெடிமேட் ரிப்போர்ட்டில் பெயரை மாற்றி, வைவா முடிந்ததும் அலமாரியில் போட்டுவிடலாம். மதிப்பெண் வரும். ஆனால் அதுவும் ட்ரங்குப் பெட்டிக்குள் போன கருவிதான். அதற்குப் பதிலாக ஒரு குழு வெள்ளிமலை பஸ் ஏறட்டும். இன்னொரு குழு கள்ளக்குறிச்சி மரச்சிற்பக் கலைஞர்களிடம் போகட்டும். நாள் முழுக்க உளி பிடிக்கும் கை எப்போது மரத்துப் போகிறது, கண்ணில் தூள் விழாமல் என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். போர்டு வாங்கும் முன் நோட்டில் இவற்றை எழுதிக்கொள்வோம்:

1. யாருக்கு? ஒரு ஆளைக் காட்ட முடிகிறதா?
2. அவர் உடம்பில் எந்த இடத்தில், எந்த உடைக்கு மேலே, எந்த வேலைக்கு நடுவே இது இருக்கும்?
3. செல் தீர்ந்தால், அறுந்தால், அவர் ஊரிலேயே யார் சரி செய்வார்?
4. நாலு பேர் நடுவில் இதைப் போட்டுக்கொண்டு அவரால் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா?
5. ஒரு மாதம் கழித்துப் போனால் அது அவர் உடம்பில் இருக்குமா, பெட்டிக்குள் இருக்குமா?

பெரிய கல்லூரிகளில் நம்மைவிட நல்ல லேப் இருக்கும், நல்ல இங்கிலீஷ் இருக்கும். அதற்காக நாம் குறைந்துவிடவில்லை. டேட்டா ஷீட்டும் படிக்கத் தெரிந்து, "காது ஓஞ்சு போவுது" என்றால் என்ன அர்த்தம் என்றும் தெரிந்தவர்கள் நாம். நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். நம் அப்பா அம்மாவின் முதுகு, கை, காது, கால் எப்படி உழைக்கிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த அறிவுக்கு மார்க் ஷீட்டில் கட்டம் கிடையாது. நாம் செய்கிற கருவியில் அது தெரியட்டும்.

வரும் ஆடி மாதம் பட்டியல் போடும்போது, ஒரு தலைப்பாவது நம் ஊர் ஆள் ஒருவரின் அளவுக்கு எடுத்ததாக இருக்கட்டும். டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்புவோம்!